மட்டமில்லாத தளத்தில் ஒரு புகையிரதப் பாதை: இரண்டு முறை அடிச்சட்டம் கட்டிய அனுபவம்

ஒரு இலட்சத்து 2,000 ரூபாயும் ஏழு மாதங்களும் செலவிட்டு உருவாக்கிய மேசையொன்றைச் சென்ற ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் என் கையாலேயே கழற்றி, பலகை பலகையாக மாடிப்படி வழியே இறக்கினேன். பள்ளிக்கூடக் காலம் முதல் மனதில் சுமந்து, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகே தொடங்க முடிந்த மாதிரிப் புகையிரதப் பாதையின் அடித்தளம் அது. எஞ்சின், தண்டவாளம், மலை, சுரங்கம் என்று எல்லாவற்றைப் பற்றியும் மாதக்கணக்கில் வாசித்த நான், அவை அனைத்தையும் தாங்கப்போகும் மரச்சட்டத்தைப் பற்றி ஒரு நாளாவது உட்கார்ந்து யோசிக்கவில்லை. கொழும்பில் இந்த வேலையில் இறங்கியவர் எவரையும் எனக்குத் தெரியாது. கேட்க ஆளின்றித் தனியாகவே பட்டு அறிந்தேன். இன்னொருவர் அதே பணத்தையும் அதே மாதங்களையும் இழக்கக் கூடாது என்பதற்காகவே நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலான ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. கரையோரப் பாதையில் புகையிரதம் போகும்போது மேல்மாடி ஜன்னல் கண்ணாடிகள் மெல்ல அதிரும். அந்த மேல்மாடியின் பின்னறை 12 அடிக்கு 10 அடி. பிள்ளைகள் வெளிநாடு போன பிறகு அது வெறுமனே கிடந்தது. ரொறன்ரோவில் இருக்கும் தம்பி விடுமுறைக்கு வந்தபோது ஒரு டீசல் எஞ்சினும் எட்டுப் பயணிகள் பெட்டிகளும் கொண்டுவந்து தந்தான். எச்.ஓ. அளவு, அதாவது அசலின் 87இல் ஒரு பங்கு. தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மில்லிமீற்றர். கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 முதல் கனடா நமக்குத் தந்த எம்2 எஞ்சின்களின் சாயல் அதில் இருந்ததால், அதை மலையகப் பாதையில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அன்றே பிடித்துக்கொண்டது. எல்லவைத் தாண்டிப் பதுளைக்கு இறங்கும் வழியில், தெமோதரையில் பாதை நிலையத்தை விட்டு விலகி, மலையைச் சுற்றி வளைந்து, அதே நிலையத்துக்கு அடியில் உள்ள சுரங்கத்தினுள் நுழைகிறது அல்லவா? அந்த வளையத்தைத்தான் என் அறைக்குள் கொண்டுவர விரும்பினேன்.

வளையத்தின் கணக்கை நான் சரியாகவே போட்டிருந்தேன். ஆரம் 60 சென்ரிமீற்றர் என்றால் ஒரு முழுச் சுற்று ஏறத்தாழ 377 சென்ரிமீற்றர். மேலே போகும் பாதைக்கு அடியில் கீழ்ப் பாதையின் பெட்டிகள் இடிக்காமல் போக 75 மில்லிமீற்றர் இடைவெளியும், மேல் பாதையைத் தாங்கும் பலகையின் தடிப்பும் சேர்த்து 90 மில்லிமீற்றர் உயர வேண்டும். அது நூற்றுக்கு 2.4 ஏற்றம், அதாவது 42க்கு 1. மலையகப் பாதையிலேயே 44க்கு 1 ஏற்றமுள்ள இடங்கள் உண்டு என்பதால், அந்தக் கணக்கு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. காகிதத்தில் சமதளமாக இருந்த தரை, உண்மையிலும் சமதளமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது தோன்றவேயில்லை.

ஜனவரியில் நகருக்கு வெளியே ஒரு தச்சுப் பட்டறையில் மேசைக்குச் சொல்லிவிட்டேன். எட்டடி நீளமும் நாலரை அடி அகலமும் கொண்ட பெரிய மேசை ஒன்று, அதை ஒட்டிச் சுவரோரமாகப் போகும் இரண்டடி அகலக் கிளை மேசை ஒன்று. ஓடாவியாரிடம் நான் சொன்னதெல்லாம் “நல்ல பாரமான மேசையாக இருக்க வேண்டும்” என்பது மட்டுமே. பாரம்தான் உறுதி என்று அப்போது நம்பினேன். அவர் சாப்பாட்டு மேசை செய்வது போலவே செய்து தந்தார்: தடித்த நான்கு கால்கள், விளிம்பைச் சுற்றி ஒரு சட்டம், நடுவில் ஒரேயொரு குறுக்குச் சட்டம், மேலே 9 மில்லிமீற்றர் எம்.டி.எப். பலகை (மரத்தூளை அழுத்திச் செய்தது), எல்லாம் இரும்பு ஆணி. அவரைக் குறை சொல்ல எனக்கு நியாயமில்லை. எதற்கு என்று விளக்கமாகச் சொல்லாதவன் நான். பெப்ரவரியில் மேசை வந்ததும் ஒன்பது அங்குல ரசமட்டத்தைப் பெரிய மேசையின் நீளவாக்கில் வைத்தேன். குமிழி நடுவில் நின்றது. அகலவாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. கிளை மேசையில் வைத்தே பார்க்கவில்லை. இந்த அரை நிமிட அலட்சியத்துக்கு நான் கொடுத்த விலையை இனிச் சொல்கிறேன்.

ஏப்ரல் முடிவதற்குள் அடியில் மெத்தை போலக் கோர்க் விரித்து, அதன் மேல் தண்டவாளத்தை ஒட்டி, வளையத்தையும் கட்டி முடித்தேன். ஒரு காலையில் அறையைக் கூட்டிக்கொண்டிருந்த மனைவி கூப்பிட்டாள்: “இஞ்சேருங்கோ, இந்தப் பெட்டியை நீங்கள் தள்ளிவிட்டனீங்களோ? தானா ஓடுது.” கிளை மேசையில் நிறுத்தி வைத்திருந்த பெட்டிகளுள் ஒன்று, ஒருவரும் தொடாமல் மெதுவாக நகர்ந்து கடைசித் தடுப்பில் போய் முட்டி நின்றது. திரும்ப எடுத்து வைத்தேன், திரும்பவும் போனது. சில்லுகள் நன்றாக உருளுகின்றன என்று நினைத்து மகிழ்ந்தேன் என்பதை இப்போது எழுதவே வேதனையாக இருக்கிறது. இந்தப் பெட்டிகளின் அச்சு முனைகள் ஊசி போன்றவை. நூற்றுக்கு ஒன்று சரிவு இருந்தாலே உருளத் தொடங்கிவிடும். மேசை எனக்குச் சொல்ல வேண்டியதை அன்றே சொல்லிவிட்டது.

மே மாத மழை தொடங்கியதும் வளையத்தில் எஞ்சின் நிற்க ஆரம்பித்தது. எட்டுப் பெட்டிகளை இழுக்க வேண்டியது, ஐந்தாவது பெட்டி ஏற்றத்தில் ஏறும்போதே சில்லுகள் வழுக்கி, நின்ற இடத்திலேயே சுழன்றது. சுற்றின் ஒரு பாதியில் மட்டும் இப்படி நடந்தது. மறு பாதியில் சிரமமில்லாமல் போனது. மூன்று மாதங்களுக்கு மேலாக நான் எஞ்சினையே குற்றம் சாட்டினேன். கழற்றித் துடைத்தேன், எண்ணெய் விட்டேன், உள்ளே ஈயத் துண்டுகளை வைத்துப் பாரம் கூட்டினேன். தம்பிக்குத் தொலைபேசியில் எரிச்சலோடு பேசி, அவன் மனம் நோகும்படி நடந்துகொண்டேன். பிறகு மன்னிப்புக் கேட்டேன். ஆனாலும் அந்த மாதங்களில் இரவு தூக்கம் வராமல் எழுந்து போய் அந்த அறையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்த நாட்கள் பல.

உண்மையைக் கண்டுபிடித்தவர் கூரை ஒழுக்கைத் திருத்த ஓகஸ்டில் வந்த மேசன். ஹட்டன் பக்கத்து இளைஞர். அறைக்குள் எட்டிப் பார்த்தவர் மேசையை ஒரு கணம் பார்த்துவிட்டு, “ஐயா, இது முந்தி மொட்டை மாடியா இருந்த இடம்ங்க. தண்ணி ஓடுறதுக்கு வாட்டம் விட்டுத்தான் தளம் போட்டிருப்பாங்க” என்றார். தன் பையிலிருந்து நீர் நிரப்பிய நீண்ட ஒளிபுகும் குழாயை எடுத்து, ஒரு நுனியை வாசல் பக்கச் சுவரிலும் மறு நுனியைப் பின்சுவரிலும் பிடித்தோம். பத்தடிக்கு மூன்று சென்ரிமீற்றர் வீழ்ச்சி. ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று. எங்களுக்கு முன் இருந்தவர்கள் மாடியை அடைத்து அறையாக்கியபோது தரையை மாற்றாமலே சீமெந்து பூசியிருக்கிறார்கள். சரிவு அறையின் குறுகிய பக்கமாகப் போனது. நான் மட்டம் பார்த்ததோ நீண்ட பக்கமாக.

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. சரிந்த தளத்தின் மேல் ஒரு வளையத்தை வைத்தால், தளத்தின் சரிவு ஒரு பாதியில் ஏற்றத்தோடு கூடும், மறு பாதியில் ஏற்றத்திலிருந்து கழியும். நான் போட்ட 2.4, மிக மோசமான இடத்தில் 3.4 ஆகியிருந்தது. 42க்கு 1 என்று நினைத்தது 29க்கு 1. அந்த எஞ்சினில் ஒரு பழுதும் இருக்கவில்லை. அதோடு நூல் கட்டிப் பார்த்தபோது, மழைக்கால ஈரத்தில் எம்.டி.எப். பலகை தாங்கலில்லாத இடங்களில் 7 மில்லிமீற்றர் வரை தொய்ந்திருந்ததும் தெரிந்தது. காயாத மரம் காய்ந்து முறுகியதால் ஒரு கால் தரையைத் தொடாமல் நின்றது. கடற்காற்றில் ஆணிகள் துருவேறித் தளர்ந்து, மேசையின் ஒரு முனையைத் தொட்டால் மறு முனை ஆடியது. திருத்தலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். காலுக்கு அடியில் கட்டை வைத்தால் சரிவு போகும். தொய்வும் முறுகலும் போகாது. மரமும் கூலியும் 58,500, எம்.டி.எப். 24,000, ஒட்டியதால் உரிக்க முடியாமல் போன கோர்க்கும் தண்டவாளமும் 19,500 என்று கணக்கு எழுதி வைத்துவிட்டுக் கழற்றத் தொடங்கினேன்.

இரண்டாவது முறை முதலில் மரத்துக்கே நேரம் கொடுத்தேன். மகோகனியில் 4க்கு 1 பலகைகளும் 2க்கு 1 ரீப்பைகளும், அதாவது ஒடுக்கமான சட்டங்களும், வாங்கினேன் (அகலமும் தடிப்பும் அங்குலத்தில்). கடையில் ஒவ்வொன்றையும் கண் மட்டத்துக்கு உயர்த்தி, நுனியிலிருந்து நுனி வரை நோக்கி, வளைந்தவற்றை ஒதுக்கினேன். கடைக்காரர் பொறுமையிழந்தாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பிறகு அவற்றை அந்த அறையிலேயே, இடையிடையே துண்டு ரீப்பைகளை வைத்துக் காற்றுப் புகும்படி அடுக்கினேன். இரண்டடி நீளத் துண்டொன்றை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சமையலறைத் தராசில் நிறுத்தேன். முதல் வாரம் 1,040 கிராம். ஆறாவது வாரம் 912. ஏழாவது வாரமும் 912. எடை அசையாமல் நின்ற பிறகே வாளை எடுத்தேன். கொழும்பின் காற்றில் மரம் எவ்வளவு காய்ந்தாலும் ஏறத்தாழ நூற்றுக்கு 15 பங்கு ஈரம் அதில் தங்கியே இருக்கும். அதற்குக் கீழே கொண்டுபோக முயல்வதில் பயனில்லை. அது தங்கப்போகும் அறையின் காற்றோடு ஒத்துப்போவதுதான் வேண்டியது. மரம் நீளவாக்கில் அதிகம் சுருங்காது, அகலவாக்கில்தான் சுருங்கும் என்பதையும் மனதில் வையுங்கள். வெட்டிய நுனிகளுக்கும் ப்ளைவூட்டின் இரண்டு பக்கங்களுக்கும் வார்னிஷ் பூசினேன். ஒரு பக்கம் மட்டும் பூசினால் பூசாத பக்கம் ஈரம் குடித்துப் பலகை வளையும். மலிவாகக் கிடைக்கிறதே என்று மருந்து ஏற்றாத இறப்பர் மரத்தை வாங்காதீர்கள். சில மாதங்களில் அடியில் மாவு கொட்டத் தொடங்கும்.

மரம் காய்ந்துகொண்டிருந்த வாரங்களில் சுவரில் ஒரு கோடு போட்டேன். இந்தக் கோடுதான் முழு வேலையின் உயிர். ஐந்து மீற்றர் ஒளிபுகும் குழாய் வாங்கி, சிறிது மஞ்சள் கரைத்த தண்ணீரை நிரப்பி, குமிழிகள் எல்லாம் வெளியேறும்வரை தட்டினேன். ஒரேயொரு குமிழி உள்ளே இருந்தாலும் மட்டம் பொய் சொல்லும். தரையின் மிக உயர்ந்த இடத்திலிருந்து 110 சென்ரிமீற்றரில் ஒரு குறி, பிறகு அதே நீர்மட்டத்தில் நான்கு சுவர்களிலும் குறிகள், குறிகளைச் சேர்த்துச் சுண்ணக்கட்டி நூலால் கோடு. அதன் பிறகு எந்த உயரத்தையும் நான் தரையிலிருந்து அளக்கவேயில்லை. எல்லாம் அந்தக் கோட்டிலிருந்து. ரசமட்டத்தையும் புதிதாக வாங்கினேன், நான்கடி நீளத்தில். கடையிலேயே அதைச் சோதிக்கலாம்: ஒரு பலகை மேல் வைத்துக் குமிழி நிற்கும் இடத்தைப் பாருங்கள், பிறகு அதே இடத்தில் முனைகளை மாற்றி வையுங்கள். குமிழி வேறிடத்தில் நின்றால் கருவி பிழை. நான் சோதித்த நான்கில் இரண்டு பிழையாக இருந்தன.

சட்டத்துக்கு, லின் வெஸ்ட்காட் என்ற அமெரிக்கர் மாதிரிப் புகையிரதக்காரர்களிடையே பரப்பிய எல் வடிவத் தாங்கி முறையைப் பின்பற்றினேன். 4க்கு 1 பலகையை நிமிர்த்தி வைத்து, அதன் மேல் விளிம்பில் ஒரு ரீப்பையைப் படுக்கையாக வைத்துப் பசையும் திருகாணியும் போட்டு இணைத்தால், குறுக்கு வெட்டில் தலைகீழான எல் போலத் தெரியும். இரண்டு மெல்லிய மரங்கள் சேர்ந்ததும் அவற்றுக்கு வரும் விறைப்பைக் கையால் அழுத்திப் பார்த்து வியந்தேன். முதல் மேசையின் தடித்த மரத்தில் இது இருக்கவில்லை. இப்படிப்பட்ட இரண்டு தாங்கிகளை இடைவெளி விட்டு ஓட விட்டு, மேலே 40 சென்ரிமீற்றருக்கு ஒன்றாகக் குறுக்குச் சட்டங்களை அடுக்கினேன். குறுக்குச் சட்டத்தைப் பிடிக்கும் திருகாணி கீழிருந்து மேலாக, ரீப்பையினூடாகப் போக வேண்டும். அங்கே பசை போடக் கூடாது. பிற்காலத்தில் பாதையை மாற்ற நினைத்தால், மேலே எதையும் உடைக்காமல் கீழிருந்து கழற்றி நகர்த்தலாம். கால்களைத் தாங்கியின் முனைகளில் வைக்காமல், நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு உள்ளே தள்ளி வைத்தேன். மூன்று மீற்றர்த் தாங்கிக்கு அது 60 சென்ரிமீற்றர். அப்படி வைத்தால் வெளியே நீளும் முனைகளின் பாரம் நடுப்பகுதியின் தொய்வைக் குறைக்கும். ஒவ்வொரு சோடிக் கால்களுக்கும் இடையில் சாய்வுச் சட்டம் போட்டேன். சாய்வுச் சட்டமில்லாத கால், எவ்வளவு தடித்ததாக இருந்தாலும் ஆடும். திருகாணிகள் எல்லாம் துருப்பிடிக்காத எஃகு. விலை கூடத்தான், ஆனால் கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் வேறு வழியில்லை.

தரையின் மூன்று சென்ரிமீற்றர் வாட்டத்துக்குக் கால்களையே வெவ்வேறு நீளத்தில் வெட்டினேன். எஞ்சிய ஓரிரு மில்லிமீற்றர்களுக்கு ஒவ்வொரு காலின் அடியிலும் துளையிட்டு நட்டைப் பதித்து, 10 மில்லிமீற்றர் போல்ட்டைச் செருகினேன். போல்ட்டைத் திருகினால் கால் உயரும், தாழும். போல்ட்டின் தலை மட்டுமே தரையில் படுவதால், கறையான் மண் கட்டி ஏறினாலும் உடனே கண்ணில் படும்.

மேற்பரப்பை முழுப் பலகையால் மூடவில்லை. 12 மில்லிமீற்றர் ப்ளைவூட்டைப் பாதையின் வடிவத்திலேயே வெட்டி, குறுக்குச் சட்டங்களின் பக்கத்தில் திருகிய செங்குத்துக் கட்டைகளால் தாங்கினேன். வளையத்தில் 40 சென்ரிமீற்றருக்கு ஒரு கட்டை. ஒவ்வொன்றும் முந்தையதைவிட 9.6 மில்லிமீற்றர் உயரம். ஒவ்வொரு கட்டையையும் முதலில் ஒரு கவ்வியால் மட்டும் பிடித்து, சுவர்க் கோட்டிலிருந்து இழுத்த நூலுக்கு அளந்து, பலகை பக்கவாட்டில் சாயாமல் இருப்பதைச் சிறிய ரசமட்டத்தால் பார்த்த பிறகே திருகினேன். ஒரு வளையத்துக்கு மூன்று நாட்கள் எடுத்தன. முதல் முறை ஒரே பின்னேரத்தில் முடித்திருந்தேன்.

இடவமைப்பையும் மாற்றினேன். முதல் மேசை மூலையில் ஒட்டியிருந்ததால், பின்பக்கத்தில் பெட்டி தடம் புரண்டால் மேசை மேல் படுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. கை சிரமமில்லாமல் எட்டுவது 75 சென்ரிமீற்றர். எனவே சுவரோரமாக இரண்டடி அகலப் பகுதியும், அதன் நடுவிலிருந்து அறைக்குள் நீளும் வளையப் பகுதியுமாக, வளையத்தின் இரு பக்கத்திலும் நடக்க இடம் விட்டேன். உயரம் 115 சென்ரிமீற்றர். பழைய மேசை 75 ஆக இருந்ததால் கம்பி இணைக்க அடியில் தவழ்ந்து, ஒரு மாதம் முதுகு வலியோடு இருந்தேன். கம்பிகள் போகும் துளைகளைக் குறுக்குச் சட்டங்களை ஏற்றுவதற்கு முன்பே, சட்டத்தின் உயரத்தில் நடுவில் போட்டுவிடுங்கள். கீழ் விளிம்பில் போட்டால் சட்டம் பலமிழக்கும்.

தண்டவாளம் ஒட்டுவதற்கு முன் இரண்டு சோதனைகள் செய்தேன். ஐந்து லீற்றர்த் தண்ணீர்ப் போத்தல்கள் நான்கைத் தாங்கியின் நடுவில் ஒரு வாரம் வைத்து, நூல் கட்டி அளந்தேன். தொய்வு ஒரு மில்லிமீற்றருக்குக் குறைவு. பிறகு கண்ணாடித் துண்டொன்றைச் சமதளப் பகுதியில் வைத்து, அதன் மேல் ஒரு போளையை விட்டேன். மனைவியும் வந்து பக்கத்தில் நின்றாள். போளை அசையவில்லை. கண்ணாடியைக் கால்வட்டம் திருப்பி வைத்தேன், அப்போதும் அசையவில்லை. அந்த நேரத்தில் கரையோரப் பாதையில் புகையிரதம் ஒன்று போனது. ஜன்னல் அதிர்ந்தது, போளை அங்கேயே இருந்தது.

இரண்டாவது கட்டுமானத்துக்கு 83,000 ரூபாய் ஆனது. ஜனவரியில் தண்டவாளம் போட்டேன். ஈயத் துண்டுகளைக் கழற்றிவிட்ட அதே எஞ்சின், எட்டுப் பெட்டிகளோடு வளையத்தில் ஏறி, நிலையத்தின் மேல் வந்து நின்றதைத் தம்பிக்குத் தொலைபேசியில் காட்டினேன். இந்த மே மாத மழை தொடங்கிய பிறகு சுவர்க் கோட்டோடு மறுபடி ஒப்பிட்டுப் பார்த்ததில், கடற்பக்க மூலை அரை மில்லிமீற்றருக்குச் சற்று மேல் தாழ்ந்திருந்தது. அந்தப் போல்ட்டின் மரை ஒரு முழுச் சுற்றுக்கு ஒன்றரை மில்லிமீற்றர் ஏறும். அரைச் சுற்றுத் திருகினேன்.